மீன் பாடிய வாவியும் யாழ்நூல் எழுதிய துறவியும்

புறக்கோட்டையில் வேலை செய்பவர்களுக்கு டெக்னிக்கல் சந்தி எங்கே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மத்திய பஸ் நிலையத்திலிருந்து மருதானைப் பக்கமாக நடந்தால் பதினைந்து இருபது நிமிடத்தில் வந்துவிடும். கைவண்டி இழுக்கும் நாட்டாமிமார், மொத்தக் கடைகளில் சரக்கெடுக்க வந்த வவுனியா, கல்முனை வியாபாரிகள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் என்று அந்தப் பக்கம் எந்நேரமும் நெரிசலாகவே இருக்கும். சந்திக்குப் பெயர் கொடுத்த தொழில்நுட்பக் கல்லூரிக்குள் 1915ஆம் ஆண்டில் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனம் என்ற இளைஞர் விஞ்ஞானம் படிக்க நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 23. பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என்று நாம் அறிந்தது அவரைத்தான்.

எங்கள் தலைமுறைக்கு விபுலாநந்தர் என்றால் பாடப்புத்தகப் படம். காவி உடை, அமைதியான முகம், கீழே முத்தமிழ் வித்தகர் என்ற பட்டம். தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சுப் பாடமாக்கியவர்களுக்கு அவர் பிறந்த திகதியும் மறைந்த திகதியும் இன்றைக்கும் நித்திரையில் கேட்டாலும் வரும். ஆனால் இரசாயன ஆய்வுகூடத்தில் நின்று பழகியவர், தந்தியின் நீளத்தை அளந்து கணக்குப் போட்டவர், தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒரு சத்தத்தைப் பற்றி நீளமாகப் பாடியவர் என்ற ஆளை எங்களுக்கு யாரும் சரியாகக் காட்டவில்லை. அந்த ஆளைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

1892 மார்ச் 27இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார். காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது மட்டக்களப்பு. வடக்கே சாய்ந்தமருதும் மாளிகைக்காடும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். நடுவில் கடலைப் பார்த்தபடி தமிழ் ஊர். கிழக்கின் எல்லா நல்லதும் எல்லாக் கெட்டதும் அந்த நெருக்கத்திலிருந்துதான் வந்தன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். கல்முனையில் படித்து, பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போய், 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த இடத்திலேயே கொஞ்சக் காலம் படிப்பித்தார். 1911இல் ஆசிரியர் பயிற்சிக்காகக் கொழும்புக்கு வந்தார். அப்போது மட்டக்களப்புக்கு ரயில் இல்லை. பாதை போட்டு முடிந்தது 1920களின் கடைசியில்தான். இன்று இரவு கோட்டையில் ஏறி விடிய மட்டக்களப்பில் இறங்குகிற நாங்கள் அந்தக் காலப் பிரயாணத்தை மனதில் கொண்டுவருவதே கஷ்டம்.

தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் வந்த அதே 1915இல், மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் சில நாட்களில் கொழும்பை எட்டியது. புறக்கோட்டையில் முஸ்லிம்களின் கடைகள் உடைக்கப்பட்டுச் சூறையாடப்பட்டன. இராணுவச் சட்டம் வந்தது. 68 வருடங்கள் கழித்து, 1983 ஜூலையில், அதே தெருக்களில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. இங்கே வேலை செய்யும் பழையவர்கள் இரண்டாவதைக் கதைப்பார்கள். முதலாவதைக் கண்டவர்கள் இப்போது எவரும் இல்லை. கிழக்கிலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞருக்கு அன்று பொலிஸ் பதிவு தேவைப்பட்டிருக்காது, லொட்ஜ் அறைக் கதவை நள்ளிரவில் யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். ஆனால் தலைநகரம் ஒரே வாரத்தில் எப்படி மாறும் என்பதைக் காட்டிய ஆண்டு அது.

1916இல் அவர் இரண்டு பரீட்சைகளில் தேறினார். ஒன்று கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா. மற்றது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. அதில் தேறிய முதல் இலங்கையர் அவர். விஞ்ஞானத்துக்கு ஒரு வாழ்க்கை, தமிழுக்கு இன்னொரு வாழ்க்கை என்று இரண்டையும் பிரித்து வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. உயர்தரத்தில் கணிதமா கலையா என்று 16 வயதுப் பிள்ளையைக் கேட்டு அதோடு கதவைப் பூட்டிவிடுகிறோம். மயில்வாகனம் ஒரே ஆண்டில் இரண்டு கதவாலும் போனார். 31 வருடங்கள் கழித்து அவர் வெளியிட்ட பெரிய நூலை அந்த இரண்டும் சேராமல் எழுதியிருக்க முடியாது.

அந்த நூலுக்கு வருமுன் வாவியைச் சொல்லவேண்டும்.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். ஊரவர்கள் அதை ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்குப் போனான், ஆற்றால் வந்தான் என்பதே பேச்சு. கிழக்கே கடலோடு ஒட்டியிருக்கும் கரை எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாக விரியும் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். இறால், நண்டு, மணலை, திரளி, கெழுத்தி என்று இரு கரைக்கும் சோறு போட்டது இந்தத் தண்ணீர். அதோடு இதற்கு இன்னொரு பெயரும் சேர்ந்தது: மீன் பாடும் வாவி.

பாட்டு என்று சொல்வது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். அமைதியான நிலாக்கால இரவில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, தண்ணீருக்கு அடியிலிருந்து மெல்லிய ஓசைகள் வரும். ஒன்றல்ல, பல, உயர்ந்தும் தாழ்ந்தும் கலந்து கேட்கும். வெறும் காதுக்கு இலேசாகத்தான் எட்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு ஒட்டிவைத்தால் தெளிவாகும். மரத்துக்குள்ளால் ஒலி காற்றைவிட நன்றாகக் கடத்தப்படும் என்பதை எந்தப் பாடசாலைக்கும் போகாத மீனவர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தது இப்படித்தான்.

இதை வெளியுலகுக்கு எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலா வெளிச்சத்தில் படகில் போய்க் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் அதிர்வைப் போல இருந்ததாகவும், படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி கூடியதாகவும் எழுதிவைத்தார். பாடுவது மீனில்லை, ஊரி என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். சிப்பி, சங்கு வகைகளுக்குக் கிழக்கில் வழங்கும் பெயர் ஊரி. மீனா ஊரியா என்ற வாதம் இன்றைக்கும் கரையில் நடக்கிறது.

மீன்கள் ஒலி எழுப்புவது அதிசயமில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள சோசலிட்டோவில், படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் 1980களில் இரவு முழுவதும் கேட்ட ரீங்காரத்தால் நித்திரை கெட்டார்கள். ஏதோ இயந்திரம் என்று சந்தேகித்துத் தேடியபோது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேரைமீன்கள் காற்றுப்பையை அதிரவைத்துப் பெண் மீன்களை அழைக்கும் சத்தம் அது என்று தெரியவந்தது. மட்டக்களப்பிலும் அப்படியொரு காரணம் இருக்கலாம்.

விபுலாநந்தர் இந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்ட விதம் வேறு. இரவு, நிலா, வாவி, தோணியில் ஒரு புலவர், தண்ணீருக்குள்ளிருந்து இசை. இந்தக் காட்சியை வைத்து நீரர மகளிர் பாடும் இசை என்று நீண்ட செய்யுள் பாடினார். நீரர மகளிர் என்றால் நீரில் வாழும் தேவ மகளிர். ஊரில் எல்லாரும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஒலி, அவருக்கு ஏழு சுரங்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பாக மாறியது. கேட்டதை எண்ணாக்கிப் பார்ப்பது டெக்னிக்கல் சந்தியில் கற்ற பழக்கம். எண்ணிலிருந்து பாட்டுக்குத் திரும்புவது காரைதீவிலிருந்து கொண்டுவந்த பழக்கம்.

இடையில் வாழ்க்கை பல திசைகளில் போனது. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம், பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர். அந்தக் காலத்தில் இதற்குமேல் ஒரு தமிழ்க் குடும்பம் தன் மகனிடம் எதிர்பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. 1922இல் அதை விட்டுவிட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். 

திரும்பி வந்தவர் செய்த வேலை பள்ளிக்கூடம் நடத்துவது. யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று ஓடினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கான இல்லங்களும் மிஷனின் வேலையில் ஒரு பகுதி. 1990க்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும் கிழக்கில் இப்படியான இல்லங்களில் எத்தனை பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். சிலர் அங்கே வளர்ந்தவர்களாகவே இருப்பீர்கள்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் பாடம் முடிந்ததும் பக்கத்திலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். இதை அவருடைய புகழ் வரிசையில் கடைசியாகச் சேர்ப்பதுதான் வழக்கம். என்னிடம் கேட்டால் முதலாவதாகச் சொல்வேன். சாதியைப் பற்றி மேடையில் பேசியவர்கள் அப்போதும் நிறைய இருந்தார்கள், சேரிக்குள் போய் உட்கார்ந்தவர்கள் குறைவு. பின்பு சென்னையில் விஞ்ஞானச் சொற்களைத் தமிழாக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். நாங்கள் இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானத்தைத் தமிழில் படித்துப் பரீட்சை எழுதியதற்குப் பின்னால் அந்த வேலைக்கும் பங்குண்டு. 1939இலிருந்து இரண்டு வருடம் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரத என்ற ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியர். 1943இல் மீண்டும் கொழும்பு. புதிதாக உருவாகியிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர்.

இத்தனை ஓட்டத்துக்குள்ளும் ஒரு கேள்வி கூடவே வந்தது. யாழ் எப்படி இருந்தது?

யாழ்ப்பாணம் என்ற பெயரிலேயே அந்தக் கருவி இருக்கிறது. சங்கப் பாட்டில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தில் மாதவியின் கையில் இருக்கிறது. ஆனால் விபுலாநந்தர் காலத்தில் அதைப் பார்த்தவர் எவருமில்லை. வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வீணை இருந்தது, யாழ் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் இருந்தன. அந்த உரையிலும் பல இடங்கள் யாருக்கும் விளங்காமல் கிடந்தன, ஏனென்றால் உரைக்காரர் இசைக்கணக்குத் தெரிந்த வாசகருக்காக எழுதினார். பிற்காலத்துப் பண்டிதருக்குக் கணக்குத் தெரியாது, கணக்குத் தெரிந்தவருக்குச் சிலப்பதிகாரம் தெரியாது. 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தில் இந்த வழியை ஏற்கெனவே வெட்டியிருந்தார். விபுலாநந்தர் அதில் தன் கணக்கோடு நடந்தார்.

கணக்கின் அடிப்படை எளிது. ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுரம். அதே தந்தியைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பழந்தமிழில் இளி என்று சொன்ன, இணக்கமான ஐந்தாவது சுரம் கிடைக்கும். அதிலிருந்து மறுபடி மூன்றில் இரண்டு, அதிலிருந்து மறுபடி. இப்படியே போனால் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் தங்கள் இடங்களில் வந்து விழும். ஒரு ஸ்தாயிக்குள் 22 அலகுகள். சிலப்பதிகாரத்தில் வரும் சொற்களை இந்த எண்களோடு பொருத்திப் பார்த்து, எந்த யாழுக்கு எத்தனை நரம்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், கருவியின் வடிவம் என்ன என்று அவர் தேடினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயரளவில் இருந்தவற்றுக்கு உருவம் வந்தது. இந்த ஆராய்ச்சிக்கு 14 வருடங்கள் எடுத்தன என்று சொல்வார்கள். அதற்குள் அவர் எத்தனை ஊர் மாறினார், எத்தனை பாடசாலைக்குக் காசு தேடினார் என்பதை நினைத்தால், முழுநேரமாக ஒரு வருடம்கூட அவருக்குக் கிடைத்திருக்காது.

எரிந்துபோன நூலகத்தையும், தோண்டி எடுக்க முடியாமல் விட்டுவந்த பெட்டிகளையும், படமே இல்லாமல் போன முகங்களையும் கொண்ட சனங்கள் நாங்கள். காணாமல் போன ஒன்றை மிஞ்சிய வரிகளிலிருந்து திரும்ப எப்படிக் கட்டுவது என்று அவர் காட்டிய முறையை நான் அந்தக் கண்ணோடுதான் வாசிக்கிறேன்.

நான் படுவான்கரையில் பிறந்தவன். மீன் பாடும் என்று புத்தகத்தில் படித்தேன், கேட்டதில்லை. எங்கள் வயதினர் பெரும்பாலும் அப்படித்தான். யுத்தக் காலத்தில் வாவி எல்லையாக இருந்தது. எழுவான்கரை அரச கட்டுப்பாடு, படுவான்கரை இயக்கக் கட்டுப்பாடு. மண்முனைத் துறையிலும் அம்பிளாந்துறையிலும் குருமண்வெளியிலும் பாதையில் ஏறி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பகலில் கடப்போம். இரவில் தோணி வலித்தால் அது மீனவனா வேறு யாருமா என்று கரையிலிருப்பவனுக்குத் தெரியாது, துவக்குத்தான் முதலில் பேசும். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்ததும் 1991 ஜூனில் மகிழடித்தீவில் நடந்ததும் இந்தக் கரையில்தான். ஒரு பௌர்ணமி இரவில் நண்பர்களோடு தோணியில் போய்ச் சும்மா காது கொடுத்து இருப்பது என்ற யோசனையே யாருக்கும் வந்திருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு போயா விடுமுறையில், புறக்கோட்டையில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் நால்வர் போனோம். நான், வடமராட்சி நண்பர் ஒருவர், ஹட்டனிலிருந்து வந்து துணிக்கடையில் நிற்கும் தம்பி, காத்தான்குடி நண்பர். திட்டம் மீன்பிடிப்பது. தூண்டிலும் இறால் இரையும் வாங்கினோம். கல்லடியில் ஒரு தோணிக்காரரோடு பேசி இரவுக்கு வாடகை பொருத்தினோம். அறுபதைத் தாண்டியவர். எங்களைத் தம்பிமாரே என்றார், காத்தான்குடி நண்பரை மட்டும் மருமகன் என்றார். அவருடைய தகப்பனாரைத் தெரியுமாம்.

மீன்பிடி பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கெழுத்தி, விரல் நீளத்தில் ஒரு மணலை. ஹட்டன் தம்பிக்குத் தூண்டில் பிடிப்பதே அதுதான் முதல் தடவை, மூன்றில் இரண்டு அவன் பிடித்தது. பத்து மணிக்குமேல் தோணிக்காரர் பாலத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, ஒவ்வொருவராகக் காதை வைக்கச் சொன்னார். முதலில் எனக்குக் கேட்டது வாகன இரைச்சல். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இலிருந்து அகலமான புதுப்பாலம் இருக்கிறது, இரவிலும் ஓட்டம் குறையாது. வடமராட்சி நண்பர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஹட்டன் தம்பி மட்டும் நெடுநேரம் எழும்பவில்லை. பிறகு என்னை இழுத்துக் காதை வைக்கச் சொன்னான். வாகனம் ஒன்று கடந்து போனபின் ஓர் இடைவெளி. அப்போது இருந்தது, கம்பி ஒன்றை எங்கோ தூரத்தில் சுண்டிவிட்டதுபோல, விட்டு விட்டு. நான்கு ஐந்து தரம் கேட்டேன். மீனா, ஊரியா, பாலத்துக் கம்பியா என்று சத்தியம் செய்யமாட்டேன்.

காத்தான்குடி நண்பர் கரைக்கு வரும்வரை கதைக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3இல் அவருடைய ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டபோது அவர் கைக்குழந்தை. வாவிக்கரையில் பிறந்தும் இரவில் வாவிக்கு வந்தது அன்றுதான் என்றார். தோணிக்காரரும் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வலையில் என்ன வந்தது என்பதற்கு முன் நிறுத்திக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை. கெழுத்தியைச் சுத்தம் செய்து, அவருடைய வீட்டில் விடியற்காலை ஆணம் வைத்துச் சோற்றோடு சாப்பிட்டோம்.

மறுநாள் சிவானந்த வித்தியாலயத்துக்குப் போய் விபுலாநந்தரின் சமாதியைப் பார்த்தோம். அவருடைய கடைசி இரண்டு மாதங்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். யாழ்நூல் அச்சாகி வந்தபோது அவருடைய உடல் நன்றாகத் தளர்ந்திருந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அந்தத் தலத்துக்கும் ஓடத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் இல்லாதபோது திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைக் கரைசேர்த்த ஊர் அது. வாவிக்கரையிலிருந்து வந்தவர் தன் நூலை ஓடம் ஓடிய தலத்தில் அரங்கேற்றினார். நூலில் சொன்ன கணக்குப்படி செய்த கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். நூற்றாண்டுகளாக யாரும் காணாத ஒன்றைச் சனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அங்கிருந்து கொழும்புக்குத் திரும்பினார். ஜூலை 19இல் இறந்தார். வயது 55. அரங்கேற்றம் முடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஆறரை மாதம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எதையும் அவர் பார்க்கவில்லை. உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, அவர் தொடங்கிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்தார்கள். இறைவன் விரும்பும் மூன்று மலர்களைப் பற்றி அவர் பாடிய பாட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் போன நேரம் இடைவேளை வகுப்பு முடிந்து பிள்ளைகள் சிலர் அந்த வழியால் ஓடினார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஓடினான்.

வாவியின் சத்தம் முறையாகப் பதிவானது அவர் இறந்த பிறகு. 1950களில் மட்டக்களப்பில் இருந்த அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவி அருட்தந்தை லாங், தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. கொழும்பில் வானொலிப் பெட்டிக்கு முன் இருந்தவர்களும் கல்லடி வாவியைக் கேட்டார்கள். அதன் பிறகு வந்த வருடங்களில் வாவியை அறிந்தவர்கள் தொகை குறைந்தது. மோட்டார் படகுகளும் பாலத்து நெரிசலும் கூடின, நகரத்துக் கழிவும் தண்ணீரில் சேர்கிறது. முன்புபோல் கேட்பதில்லை என்று கரையில் எல்லாரும் சொல்கிறார்கள். யுத்தம் முடிந்ததால் இரவில் போகலாம், போனால் அமைதி இல்லை. 2014இல் மண்முனையில் பாலம் திறந்தபின் பாதைக்குக் காத்திருக்கும் வேலையும் போய்விட்டது, எங்கள் அம்மாவுக்கு அதில் சந்தோசம்தான்.

கொழும்பிலிருந்து போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலம் நல்லது, பௌர்ணமியை ஒட்டிய காற்றில்லாத இரவாக இருக்கவேண்டும். கோட்டையில் இரவு ரயிலுக்கு முன்கூட்டியே ஆசனம் பதியுங்கள், போயா வார இறுதிகளில் கிடைக்காது. பகலில் சிவானந்த வித்தியாலயத்துக்குப் போகலாம், பாலத்திலிருந்து நடக்கும் தூரம்தான். இரவுக்குத் தோணி பேசும்போது இயந்திரம் பூட்டாததாகப் பார்த்து, மரத் துடுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் துடுப்பில் காது வைத்துப் பிரயோசனமில்லை என்று தோணிக்காரர் சொன்னார்.